அஞ்சு வார்த்தை

அந்த வியாழக்கிழமை டாக்டர் அறையில் இருந்தது அப்பா. அம்மா. அம்மாவின் அண்ணன், அதாவது மாமா. நான். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா.

நான் அப்போது நாலாம் வகுப்பு. நாற்காலி பத்தவில்லை, மாமா மடியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டும் வேலை. தகட்டை உள்ளே வைக்கணும், கையை எடுக்கணும், பெடலை மிதிக்கணும். மேலிருந்து இரும்பு இறங்கும். ஷிப்ட் முழுக்க அதுதான். மாமாவும் அதே பிரஸ்ஸில் இருந்தவர். இரண்டு விரல் போனதும் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டுவிட்டார்கள். "எனக்கு எட்டு வரைக்கும்தான் பாப்பா கணக்கு வரும்" என்று சிரிப்பார்.

வேலை முடிந்து வரும்போது அயனம்பாக்கம் ஏரி ஓரம் நாய் குறுக்கே வந்து, அப்பா வண்டியோடு விழுந்தார். தலை கல்லில் இடித்தது. ரத்தம் வரவில்லை. எழுந்து வண்டியை ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். ரத்தம் இல்லாததால் நாங்களும் சும்மா இருந்தோம். மறுநாள் "கேஸ் சிலிண்டர் வந்துச்சா" என்று கேட்டார். சாப்பிடும்போது அதையே கேட்டார். படுக்கும்போதும் கேட்டார். டியூப் லைட் கண்ணைக் குத்துகிறது என்றார். ஸ்கேன் எடுத்த இடத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, போய் வா என்றார்கள்.

இந்த டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. தலையில் அடிபட்டவர்களுக்கென்றே வியாழக்கிழமை மதியத்தை ஒதுக்கி வைத்திருந்தார். முதல் தடவை போனபோது அப்பாவை ஒற்றைக்காலில் நிற்க வைத்தார். அஞ்சு வார்த்தை சொன்னார். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, திரும்பச் சொல்லுங்கள் என்றார். அப்பாவுக்கு இரண்டுதான் வந்தது.

"அடி ஸ்கேன்ல தெரியாதுங்க. மூளை இன்னும் களைச்சுப் போயிருக்கு. அடுத்த வாரம் பாக்கலாம்."

திங்கட்கிழமைக்குள் டாக்டர் லெட்டர் வரவில்லையென்றால் பிரஸ்ஸில் வேறு ஆள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மாமாதான் வழி கண்டுபிடித்தார்.

"இன்னா மாப்ளே, அஞ்சு வார்த்த தானே. எனக்கு அப்டியே ஞாபகம் கீது."

மாங்கா, சாவி, மழை, ஏணி, நீலம். வாரம் முழுக்க நான்தான் பாடம் எடுத்தேன். அப்பா இருட்டில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். தப்பாகச் சொன்னால் தொடையில் தட்டுவேன். அவர் எனக்குப் பயந்தது அந்த ஒரு வாரம்தான்.

அன்றைக்கு உட்கார்ந்ததும் டாக்டரம்மா, "இப்ப நான் அஞ்சு வார்த்தை..." என்று ஆரம்பித்தார்.

"மாங்கா, சாவி, மழை, ஏணி, நீலம்" என்றார் அப்பா.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"அவுரு அப்டித்தாம்மா. கொஞ்சம் ஃபாஸ்ட்டு" என்றார் மாமா.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு வேறு அஞ்சு சொன்னார். ஏதோ பேசினார். திரும்பக் கேட்டார். அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். "மாங்கா" என்றார்.

அம்மா தரையைப் பார்த்தார்.

பிரஸ்ஸில் எப்படி வேலை செய்வீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். மாமா முந்திக்கொண்டு மேசை மேல் கையை வைத்து, இப்படி வைக்கணும், இப்படி எடுக்கணும் என்று செய்து காட்டினார். அந்தம்மா அவர் கையையே பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. அப்படியா பார்ப்பார்கள்? டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"கையெழுத்து போடுங்கம்மா. வேல போயிடும்" என்றார் அப்பா.

"பிரஸ்ஸுக்குப் போட மாட்டேன். வேலை போகாம நான் பேசுறேன்."

அவரே சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். வெளியே கூட்டம் காத்திருந்தது, அவர் விடவில்லை. கடைசியில் பேக்கிங்கில் அரை ஷிப்ட் என்று முடிந்தது. தலை எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் வேலையைக் கூட்டணும் என்றார்.

அப்பா பொம்பளைகளோடு உட்கார்ந்து டப்பா ஒட்டினார். சம்பளம் பாதி. வீட்டில் பேச்சும் பாதி. தலைவலி விடுவதற்குள் மழைக்காலம் போய்விட்டது. நான் அந்தம்மாவை ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். அஞ்சும் சரியாகச் சொன்னாரே, அதை ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. மாமா கையில் அவர் என்ன பார்த்தார் என்றும் விளங்கவில்லை.

தலை சரியான பிறகு அப்பா பிரஸ்ஸுக்கே திரும்பினார். வயசாகும் வரை அதில்தான் இருந்தார். இப்போது வீட்டில். போன வாரம் என் மகளுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுக்க இரண்டு கையையும் விரித்தார். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

பத்து.