பின் ஆறும் நேரம்

என் குறிப்பேட்டில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கம்: “சாதாரண பின், ஆறு நிமிடம். நுட்பமான பின், பத்தொன்பது நிமிடம். இதில் சும்மா இருந்தது ஒன்பது.” கையெழுத்து என்னுடையதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில், ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று நேரக்கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பின் என்பது இயந்திரங்களில் பொருத்தும் சிறு இரும்புத் தண்டு. இரண்டு வகைப் பின்னுக்கும் ஒரே இரும்பு, ஒரே நீளம். ஒன்றின் தடிமன் அரை மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். மற்றதில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு மேல் தவறக் கூடாது.

அவற்றைக் கடையும் லேத்தில் இருந்தவர் நாற்பது வயதுப் பெண். தினமும் ரயிலில் போய் பெங்களூரில் நான்கு வருடம் பேக்கிங் வேலை செய்து, அதை விட்டுவிட்டு, லேத் கற்றுக்கொண்டு இங்கே சேர்ந்தவர். என் தாளைப் பார்த்த சூப்பர்வைசர், திங்கள் முதல் அவரை பேக்கிங்குக்கு மாற்றுவதாகச் சொன்னார்.

புதன்கிழமை அந்தப் பெண் என் மேசைக்கு வந்தார்.

“இன்னா சார், நான் சும்மா குந்திக்கினு இருந்தேன்னு எழுதிட்டீங்களா?”

“ஒன்பது நிமிஷம் மெஷின் ஓடலியேம்மா.”

“பின்னு சூடா இருந்திச்சி சார். ஆறாம அளந்தா பெருசா காட்டும். நீங்க டீயை ஆற வச்சிதான குடிக்கிறீங்க? அதையும் எழுதுங்க.”

நான் எழுதவில்லை. ஆனால் வியாழக்கிழமை, ‘சும்மா’ என்பதை ‘ஆறும் நேரம்’ என்று திருத்தி, காரணங்களுடன் இரண்டு பக்கக் கடிதம் எழுதி, உறையில் இட்டு சூப்பர்வைசர் மேசையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சூப்பர்வைசர் லேத் பக்கத்திலேயே நின்று, காத்திருக்காமல் அளக்கச் சொன்னார். பின்னுக்குப் பத்து நிமிடம். மதியத்துக்குள் பன்னிரண்டு பின். திருப்தியாகச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து அவரே அளந்தபோது பன்னிரண்டும் அளவுக்குக் கீழே இருந்தன. அளவுக்கு மேல் கடைந்துவிட்ட பின்னை வளர்க்க வழியில்லை. மூன்று முறை அளந்தார்.

“மைக்ரோமீட்டர் கெட்டுப்போச்சா?”

“அது நல்லாத்தான் கீது சார். நீங்க சாப்புட்டு வர்றதுக்குள்ள பின்னுங்க இளைச்சிடுச்சி.”

திங்கட்கிழமை அந்தப் பெண் லேத்திலேயே இருந்தார். நேரத்தாளில் பத்தொன்பது நிமிடம் என்று சூப்பர்வைசர் கையெழுத்திட்டிருந்தார். என் கடிதத்தால்தான் இது நடந்தது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அந்த உறை பிரிக்கப்பட்டதா என்பதை இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.