சூடு போட்ட இடம்

கர்ப்பப்பையில் நார்க்கட்டி என்றதும் பையையே எடுத்துவிடச் சொல்வார்கள் என்றுதான் பயந்திருந்தேன். திருச்சியில் போய்ப் பார்த்த ஆஸ்பத்திரியில், கத்தி வைக்காமல் வெளியிலிருந்தே ஒலி அலைகளைக் குவித்துக் கட்டியைச் சுட்டுவிடலாம் என்றார்கள். கறம்பக்குடியிலிருந்து நாத்தனார் துணைக்கு வந்தாள்.

டாக்டரம்மா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அலை தோலைத் தாண்டித்தான் உள்ளே போகும். தோலில் தழும்பு இருந்தால் சூடு அங்கேயே தேங்கி, தோல் வெந்துவிடலாம்.

"வயித்துல ஆபரேஷன் தழும்பு இருக்காம்மா?"

"இல்லீங்க."

இரண்டும் சுகப்பிரசவம். நான் பொய் சொல்லவில்லை.

உடை மாற்றும்போது நர்ஸ் பெண் என் இடுப்பைப் பார்த்தாள். "பாவாடை நாடாத் தழும்பாக்கா இது?"

நாடா இறுகிக் கறுத்த வரிக்குக் கீழே இன்னொரு வரியும் உண்டு. ஏழு வயதில் ஓயாத வயிற்றுவலிக்கு, வளையலைப் பழுக்கக் காய்ச்சி இழுத்தது. முன்பின் தெரியாத பெண் முன்னால் அரைகுறையாக நின்றுகொண்டு அந்தக் கதையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. தலையாட்டிவிட்டேன்.

குப்புறப் படுக்க வைத்து, கையில் ஒரு சுவிட்சைக் கொடுத்தார்கள். தோல் சுட்டால் உடனே அழுத்த வேண்டும், மெஷின் நின்றுவிடும். முதலில் அடிவயிற்றுக்குள் மந்தமாக வலித்தது. பிறகு வெளியே, தோலில், சுருக்கென்றது. பொறுத்துக்கொண்டேன். சோறு வடிக்கும்போது கஞ்சி தெறித்தாலும் வடித்து முடித்துவிட்டுத்தான் கையைப் பார்ப்பேன். மறுபடியும் சுருக்கென்றபோது அழுத்தினேன்.

"எங்கம்மா எரியுது?"

"சூடு போட்ட எடத்துலங்க."

"நாங்க சூடு போடுறது உள்ளதானம்மா. தோல்ல எங்க?"

"நீங்க போட்டது இல்லீங்க. சின்னப்புள்ளையில போட்டது."

புரட்டிப் பார்த்தார்கள். வரி முழுக்கச் சிவந்து, ஓரத்தில் கடுகளவு கொப்புளம்.

"தழும்புல உணர்ச்சி கம்மிம்மா. பக்கத்துத் தோல் சுட்டதாலதான் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. விட்டிருந்தா ஆழமா வெந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. அவர் திட்டாததே எனக்கு வெட்கமாக இருந்தது. தழும்பை விலக்கி வேறு பக்கமாகச் சுட்டதில் பாதிக் கட்டிக்குத்தான் எட்டியது.

வெளியே நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "ஏன் மதினி, வாயத் தொறந்தா முத்தா உதுந்துரும்?"

"ஆபரேஷன்னுதானே கேட்டாங்க."

"ஆமா, வளையல்ல இழுத்த சூட்ட இங்கிலீசுல கேக்க அவங்க படிக்கல போல!"

கொப்புளம் பத்து நாளில் ஆறிவிட்டது. உதிரப்போக்கு முன்னைக்குக் குறைந்திருக்கிறது. மீதிக் கட்டி அப்படியே இருக்கிறது. நர்ஸிடம் தலையாட்டியதைக்கூட கூச்சம் என்று விட்டுவிடுவேன். சுவிட்ச் கையில் இருக்க, முதல் சுருக்கை விழுங்கினேனே, அதுதான் புரியவில்லை. அங்கே யாரும் என்னைப் பொறுக்கச் சொல்லவில்லை. நிறுத்தத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.