ஜன்னல் வைத்த சிப்பும் என் செலோடேப்பும்

ஆயுத பூஜை முடிந்த வாரம் எனக்கு ஆகவே ஆகாது. தட்டாஞ்சாவடியில் எத்தனை பட்டறை இருக்கிறதோ, அத்தனையிலும் அந்த ஒரு நாள் மட்டும் எல்லோருக்கும் சுத்தம் பிடித்துக்கொள்ளும். வருஷம் முழுக்க எண்ணெயும் தூசியுமாகக் கிடந்த மிஷினை ஈரத் துணி போட்டுத் துடைப்பார்கள். பேனலைத் திறந்து உள்ளேயும் துடைப்பார்கள். அப்புறம் சந்தனம், குங்குமம், பொரி. இரண்டு நாள் கழித்து என் கடை வாசலில் வரிசை கட்டுவார்கள். "அக்கா, பூச வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சி." இருபத்திரண்டு வருஷமாக இதே பாட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மிஷின்களுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுகளை ரிப்பேர் செய்வது என் பிழைப்பு. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் உட்கார்ந்து சாலிடர் வைத்தேன். கழுத்து போனதுதான் மிச்சம். அப்புறம்தான் இந்த ஒற்றை அறைக் கடை. வீடு இருக்கும் சாரம் பகுதியிலிருந்து காலையில் ஸ்கூட்டியில் வந்து ஷட்டரைத் தூக்கும்போதே தோள் கெஞ்சும். இப்போது கண்ணாடி போட்டாலும் சிப்பின் மேல் இருக்கும் எண் தெரிவதில்லை. போனில் படம் பிடித்துப் பெரிசாக்கித்தான் படிக்கிறேன்.

முந்தின வருஷம் அந்த வரிசையில் மூன்றாவதாக நின்றவர் உப்பளம் ஏரியாவில் இருக்கும் மூடிக்கார அண்ணன். மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியதும் மருந்து பாட்டிலுக்கு பிளாஸ்டிக் மூடி அடிக்கும் பழைய வெளிநாட்டு மிஷின் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு வைத்திருந்தார். வாங்கியது அவர், ஓட்டுவது அண்ணி. மூடி மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு இவர் ஊர் சுற்றுவார். பதினெட்டு வருஷமாக மிஷினோடு மல்லுக்கட்டுவது அண்ணிதான். சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் சூடு குறைகிறது என்று சொல்லிவிடுவார்.

அண்ணன் போர்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"எல்லாம் அவ பண்ண வேல தங்கச்சி. பூசைக்கு ஈரத்துணிய வெச்சித் தொடச்சிட்டா. மூணே நாளு, செத்துப் போச்சி. இனிமே மிஷினு பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன். ஓட்றதுக்கு வேற ஆளு பாத்துக்கறேன்."

"ஏண்ணே, அவங்களத் தவிர யாருக்கு அத ஓட்டத் தெரியும்?"

"தெரிஞ்சி கிழிச்சா! நான் அவகிட்ட பேசறதே இல்ல."

போர்டைத் திருப்பினேன். நடுவில் இருபத்தெட்டுக் கால் வைத்த நீளமான சிப். அதன் முதுகில் சுத்தமாக வட்டம் போட்டு ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். இருக்கிறதிலேயே பெரிய சிப் என்பதால் அதற்குத்தான் மரியாதை போல. நகத்தால் சுரண்டினேன். சந்தனம் உதிர்ந்தது. அடியில் செலோடேப் ஒட்டியிருந்தது.

கண்ணாடி மாதிரித் தெரிகிற, சாதாரண, ஸ்டேஷனரிக் கடை செலோடேப். அதை ஒட்டியது நான்.

"மிஷினு எல்லாத்தயும் மறந்துட்டிருக்கும்ணே. பாக்கறேன், விட்டுட்டுப் போங்க," என்றேன். டேப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன!

அவர் போகவில்லை. "மறந்துட்டிருக்கும்ங்கறியே, மிஷினு எப்படி மறக்கும் தங்கச்சி?" என்று கேட்டார். எனக்கு வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும். சொன்னேன்.

சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி அறைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றைச் சுற்றியும் மின்சாரம் புகாத மெல்லிய சுவர். கதவு கிடையாது. கூடுதல் வோல்ட் கொடுத்து அழுத்தினால் எலக்ட்ரான்கள் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம் கரண்ட் போனாலும், மிஷினைப் பல வருஷம் ஓட்டாமல் போட்டாலும் வெளியே வராது. நிறைந்த அறை பூஜ்யம், காலி அறை ஒன்று. இந்தப் பூஜ்யமும் ஒன்றும் சேர்ந்ததுதான் மிஷினின் மொத்தப் புத்தியும். இந்தப் பழைய ரகத்தில் எழுதியதை அழிக்க ஒரே வழி, முதுகில் இருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் புற ஊதா வெளிச்சம் அடிப்பது. கடையில் அதற்கென்று டியூப் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே வைத்தால் இருபது நிமிஷத்தில் மொத்தமும் காலி. ஒரு எழுத்தை மட்டும் மாற்றுகிற கதையெல்லாம் கிடையாது. வெயிலிலும் அதே வெளிச்சம் இருக்கிறது, அங்கே கொஞ்சம் மெதுவாக நடக்கும். அதனால்தான் ஜன்னல் மேல் வெளிச்சம் புகாத ஸ்டிக்கர் ஒட்டியே வைப்பார்கள்.

"அப்ப ஸ்டிக்கர அவதான் பிச்சிட்டாளா?" என்றார்.

"இருங்கண்ணே, பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன்.

அவர் போனதும் சர்வீஸ் நோட்டைப் புரட்டினேன். சித்திரை மாதம். உப்பளம், மூடி மிஷின், ரிலே மாற்றியது. எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைக்கே அந்தச் சிப்பையும் ஒரு காப்பி எடுத்துவைத்தேன். எண்ணைப் படிக்க ஸ்டிக்கரை உரித்தேன், அது கிழிந்துவிட்டது. கறுப்பு டேப் பையில் இல்லை. 'அடுத்த தடவை வரும்போது மாத்திக்கலாம்' என்று செலோடேப்பை ஒட்டிவிட்டு வந்தேன். அந்த ஷெட்டுக்குக் கிழக்கே பார்த்த வாசல். மிஷின் சூடாகிறது என்று பேனல் கதவைத் திறந்துபோட்டு டேபிள் ஃபேனை வைத்திருப்பார்கள், இங்கே எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். காலை வெயில் நேராகப் போர்டில் விழும். அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆறு மாதம் அந்த வெயில் என் டேப்பைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. பூஜைக்கு முன்பே எழுத்து இன்றோ நாளையோ விழுகிற நிலைக்கு வந்திருக்கும். கடைசி மூன்று நாள் மட்டும் அண்ணியின் சந்தனம் அதை மறைத்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் மிச்சத்தைக் காப்பாற்றியதே அவர்தான்.

சரி, காப்பி எங்கே? பென் டிரைவில் போட்டிருந்தேன். பென் டிரைவ் என் தங்கை மகளின் வளைகாப்புக்குப் போய்விட்டது. வீடியோவுக்கு இடம் போதவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சரி என்று அமுக்கினேன். அதுவும் இதே அறை, இதே எலக்ட்ரான்தான். ஆனால் வெளிச்சம் வேண்டாம், ஜன்னல் வேண்டாம், மின்சாரத்தாலேயே பத்தை பத்தையாகத் துடைத்து மறுபடி எழுதும். நம் போனுக்குள் இருப்பதும் அந்த ரகம்தான். மலிவு, வேகம். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் சுவர் கொஞ்சம் தேயும் என்பதை யாரும் நினைப்பதில்லை. பெட்டிக்குள் வைத்து இருபது நிமிஷம் காத்திருந்த காலத்தில் நான் ஒரு சிப்பைக்கூடத் தவறி அழித்ததில்லை. அடச்சே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நோட்டில் ஒன்று மட்டும் இருந்தது. காப்பி எடுக்கும்போது சிப்பில் இருக்கும் எல்லா எண்களையும் கூட்டி வரும் தொகையைக் குறித்துவைப்பது என் பழக்கம். தொகை இருக்கிறது, கூட்டின கணக்கு இல்லை. மிஷின் செய்த கம்பெனியோ எப்போதோ இழுத்து மூடியாகிவிட்டது.

ஒரு வழி இருந்தது. வெயில் அறைகளை ஒரேயடியாகக் காலி செய்வதில்லை, பாதி வடிந்து நிற்கும். ஐந்து வோல்ட்டில் படித்தால் பாதி நிறைந்த அறை காலி என்று பொய் சொல்லும். வோல்ட்டைக் குறைத்துப் படித்தால் உண்மையைச் சொல்லிவிடும். நாலரை, நாலே கால், நாலு என்று குறைத்துக் குறைத்துப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் வந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். மாறுகிற இடங்களைக் குறித்துக்கொண்டு மறுபடி படித்தேன். மற்ற வேலைகளுக்கு நடுவே, பகலெல்லாம், கண்ணில் நீர் வழிய. தினமும் அண்ணன் போன் செய்வார். "அவ என்ன பண்ணிவெச்சான்னு தெரிஞ்சிதா?" என்பார். பாக்கறேண்ணே, பாக்கறேண்ணே. பதினோரு நாள் இதையே சொன்னேன். முதலில் சரிசெய்துவிடுவோம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சரியாகிவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை என்றும் நினைத்தேன். உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பதினோராவது நாள் காலை தொகை நோட்டோடு ஒத்துப்போனது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. புது சிப்பில் எழுதி, ஜன்னல் மேல் கறுப்பு டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டிக்கொண்டு உப்பளம் போனேன்.

ஷெட்டில் அண்ணன் மட்டும் இருந்தார். அண்ணி அடுக்களை வாசல்படியில் நின்றார், உள்ளே வரவில்லை. போர்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். திரையில் வெளிச்சம் வந்தது. வரிசையாக எண்கள் வந்தன: முன்பக்கச் சூடு, நடுச் சூடு, அழுத்தம், ஆறவைக்கும் நேரம். அவை அண்ணி வைத்தவை. அதே போர்டில் எட்டுக் கால் குட்டிச் சிப் ஒன்று தனியாக இருக்கிறது, அதற்கு ஜன்னலே கிடையாது. ஒவ்வொரு இடமாகத் தனித்தனியே அழித்து எழுதும். லட்சம் தடவை தாங்கும் என்பார்கள், ஆனால் கொஞ்சம்தான் கொள்ளும். அண்ணி பொத்தானை அமுக்கி அமுக்கிப் பதினெட்டு வருஷமாகத் திருத்தியது எல்லாம் அதில்தான் இருந்தது. ஒரு எண்கூட மாறவில்லை.

மூடிகள் விழ ஆரம்பித்தன. "ராசியான கை தங்கச்சி ஒனக்கு!" என்றார் அண்ணன். "நாளைலேர்ந்து ஆளு வருது. இவ தொட்டது போதும்."

படியிலிருந்து அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னார். "மொத பத்து மூடிய எடுக்க வேணாம்னு சொல்லு தங்கச்சி. சூடு இன்னும் சரியா ஏறல." பக்கத்திலேயே நிற்கும் புருஷனுக்கு என் வழியாகச் சேதி.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணே, அண்ணி ஒண்ணும் பண்ணல. ஸ்டிக்கர கிழிச்சது நானு. சித்திரைல வந்தப்ப கிழிஞ்சிடுச்சி, செலோடேப் ஒட்டிட்டுப் போயிட்டேன். வெயிலு பட்டுத்தான் அழிஞ்சிருக்கு. ஈரத்துணியால இல்ல. அவங்க வெச்ச சந்தனம் இல்லன்னா மிச்சமும் போயிருக்கும்."

அண்ணன் கையில் இரண்டு மூடியோடு அப்படியே நின்றார். மிஷின் மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அண்ணி படியிறங்கி வந்தார். "இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"போர்ட கொண்டாந்த அன்னிக்கே தெரியும்ணி."

"பதினோரு நாளு," என்றார். குரல் உயரவில்லை. "பதினோரு நாளா இந்த மனுசன் என் கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கல. நான் ராவும் பகலும் ஒக்காந்து, எந்த எடத்துல கை பட்டுதுன்னு யோசிச்சினு கெடக்கறேன்."

மன்னிச்சிடுங்கண்ணி என்றேன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

அவர் பேனல் கதவைச் சாத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தார். விழுந்த மூடிகளில் ஒன்றை எடுத்து வாசல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நவுருங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

எங்களில் யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் நகர்ந்தோம்.