பெண் பார்க்கும் வரை மாத்திரை

அப்போது சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். கடலூரிலிருந்து தினமும் பஸ். என் முகத்தில் இருந்ததைப் பரு என்று சொன்னால் பருவுக்கே கோபம் வரும். தாடை முழுக்கக் கட்டி கட்டியாக, தொட்டால் உயிர் போகும். காலையில் தலையணை உறையில் சீழும் ரத்தமும் இருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள்கூடக் கேட்காமலே வைத்தியம் சொன்னார்கள். அம்மா திருவந்திபுரம் கோயில் கிணற்றில் என் பேரைச் சொல்லி உப்பும் மிளகும் வெல்லமும் போட்டாள். ஒன்றும் குறையவில்லை.

கடைசியில் சிதம்பரத்தில் ஒரு தோல் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மாத்திரை எழுதினார். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், பாதியில் நிறுத்தினால் திரும்ப வந்துவிடும் என்றார். சாப்பிடும் காலத்திலும் முடித்த பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் கூடவே கூடாது, குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்றும் எச்சரித்தார். இவளுக்குத்தான் கல்யாணமே ஆகவில்லையே என்று அம்மா தலையாட்டினாள்.

மாத்திரையால் உதடு வெடித்தது, மூக்கில் ரத்தம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாம் மாதம் முகம் அடங்கியது. வெகுநாள் கழித்துக் கண்ணாடி முன்னால் சும்மா நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அம்மாவுக்கும் சந்தோஷம்தான். உடனே மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க ஆட்களை வரவழைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தி, முகவாயைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அடுத்த மாதமே முகூர்த்தம் குறித்தார்கள். மறுநாள் காலையில் மாத்திரையைக் காணோம்.

“குப்பையில போட்டுட்டேன். நாளைக்கு வயித்துல புள்ள நிக்கணும்ல” என்றாள் அம்மா. “அதான் அவுங்க பாத்துட்டாங்களே, இனிமே எதுக்குடி உனக்கு?”

எனக்கு எதுக்கு. என் முகம் எனக்கு எதுக்கு! இதை எழுதும்போதும் உடம்பெல்லாம் எரிகிறது. கல்யாணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று கத்தினேன். அம்மா சொல்றதக் கேளு என்று அப்பா பேப்பரைப் புரட்டினார். நானே வாங்கப் போனால் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்டார்கள். சீட்டையும் கிழித்துப் போட்டிருந்தாள் மகராசி. மறுபடி டாக்டரிடம் போக என் கையில் காசில்லை.

முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் காப்பியைக்கூடத் தொடவில்லை. நோயை மறைத்து ஏமாற்றிவிட்டோம் என்று சாயங்காலம் போன் வந்தது. கல்யாணம் நின்றது. நான் கையை வைத்துக் கிள்ளியதுதான் காரணம் என்று அம்மா ஒப்பாரி வைத்தாள்.

பிறகு அவளே என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “மறந்துட்டா டாக்டர்” என்றாள்.

“மறக்கல. எங்கம்மா குப்பையில போட்டாங்க” என்றேன்.

புதுச் சீட்டை நானே வாங்கிக்கொண்டேன். மாத்திரை என் பையை விட்டு நகரவில்லை. நடுவில் வந்த இரண்டு வரன்களுக்கும் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆறு மாதமும் முழுசாகச் சாப்பிட்டு முடித்தேன்.

பரு போய்விட்டது, குழிகள் போகவில்லை. பருவால் வந்ததா என்று யாராவது கேட்டால், இல்லை, எங்கம்மாவால் வந்தது என்பேன். அம்மா பக்கத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.