அவரைப் பந்தலுக்குக் கீழே விழுந்த வெயில்

"...அப்பளத்துக்குன்னுதானே கேட்டீங்க?"

கையில் அரிவாளோடு எங்கள் வாசலில் நின்று பக்கத்து வீட்டம்மா இப்படிக் கேட்டபோது, என் கணவர் தன்னையறியாமல் பின்னால் நகர்ந்துவிட்டார்.

மகாராஜா ஆண்ட காலத்து மைசூர் அது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கொள்ளேகாலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, நெருக்கமான ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பளம் போட்டு விற்பதுதான் தொழில். மாசி பிறந்துவிட்டால் மூச்சு விட நேரம் இருக்காது. கல்யாண வீடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் கேட்பார்கள். பனியோ லேசில் விலகாது. அப்பளத்துக்கு உச்சி வெயில் ஆகாது, விரிசல் விட்டுவிடும். காலை இளவெயில்தான் வேண்டும். அந்த இளவெயிலை மறைத்துக்கொண்டு, எங்கள் முற்றத்துக்குக் கிழக்கே, சுவரை ஒட்டி நின்றது பக்கத்து வீட்டம்மாவின் அவரைப் பந்தல்.

இலைகளின் இடுக்கு வழியாகத் துண்டுதுண்டாக வெயில் இறங்கும். அதுவும் ஓரிடத்தில் நிற்காது. பாயை இழுத்துக்கொண்டு நாங்களும் அதன் பின்னாலேயே போவோம். உலக்கையைக் கீழே வைக்காமலே என் நாத்தனார், "அங்க போயிருச்சு பாரு புள்ள, இழு இழு" என்று விரட்டுவார். "ராசாவே வந்தாலும் இப்படி எந்திரிச்சு ஓடமாட்டோம், வெயிலுக்குத்தான் நம்மூட்ல மருவாதி" என்பார் என் கணவர். ஓட்டத்துக்கு நடுவே அந்தச் சிரிப்புதான் எங்களுக்கு இளைப்பாறல்.

ஆனால் அந்த வருஷம் நாங்கள் ஓடியது அப்பளத்துக்காக மட்டும் அல்ல.

எனக்குப் பிள்ளை பிறந்திருந்தது. முதலில் பிறந்தது தங்கவில்லை. இவனும் பிறந்த சில நாளிலேயே கண்ணும் உடம்பும் மஞ்சளாகி, பால் குடிக்கவும் சோம்பிக் கிடந்தான். பிரசவம் பார்த்த நர்ஸம்மா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, தினமும் காலை இளவெயிலில் காட்டச் சொன்னார். மஞ்சள் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வரவேண்டும் என்றும் சொன்னார்.

ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், அடுத்ததைப் பற்றி வெளியே மூச்சு விடமாட்டோம். கண் பட்டுவிடும் என்ற பயம். தொட்டில் கட்டமாட்டோம். தவிடு பரப்பிய முறத்தில் பழைய துணி விரித்துக் கிடத்துவோம். விசாரித்தவர்களிடமெல்லாம், "இன்னும் நாள் இருக்குதுங்க" என்று நாத்தனார் சொல்லிவிட்டார். அழுகைச் சத்தம் கேட்டிருந்தால் தெருவுக்குத் தெரிந்திருக்கும். அவனுக்கு அழவும் தெம்பில்லை.

அதனால்தான் பந்தலைக் கொஞ்சம் கழிக்கச் சொல்லிக் கேட்கப் போனபோதும் நாத்தனார் அப்பளத்தின் பேரில்தான் கேட்டார். பக்கத்து வீட்டம்மா கன்னடக்காரர். எங்கள் சந்தில் இருந்து இருந்து தமிழ் நன்றாகவே வரும். "உங்க அப்பளம் காயறதுக்கு என் அவரை சாகணுமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தனிக்கட்டை. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் இருந்த பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த விதை அது. பனியில் நனைந்த அந்தக் காயின் வாசனைக்கென்றே ஆட்கள் தேடி வந்து வாங்குவார்கள். விதைக்காய் இன்னும் முற்றவில்லை. அப்போது வெட்டினால் அடுத்த வருஷத்துக்கு ஒரு மணிகூட மிஞ்சாது. மறுபடி என் கணவர் போனார். அவரும் அப்பளம் என்றுதான் சொன்னார். "ஹோகி, ஹோகி, போங்க" என்று துரத்தாத குறை.

வேறு வழி? பிள்ளையை முறத்தோடு தூக்கி வெயில் துண்டு விழும் இடத்தில் வைப்பேன். அது நகர்ந்தால் நானும் நகர்த்துவேன். கண் கூசாமலிருக்க மேலே மெல்லிய மல் துணி. சுவருக்கு அப்பாலிருந்து பார்த்தால், காக்காய்க்குப் பயந்து அப்பளத்தை மூடி வைத்திருப்பதுபோலவே இருக்கும்.

ஒருநாள் காலை, சாரப் பலகைமேல் நின்று அந்த அம்மா காய் பறித்துக்கொண்டிருந்தார். நான் பாயை உதற உள்பக்கம் திரும்பியிருந்தேன். அப்பளம் என்று நினைத்து ஒரு காக்காய் முறத்தின் விளிம்பில் வந்து உட்கார்ந்துவிட்டது. சண்டைக்கார வீட்டு அப்பளம்தானே என்று அவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மடியிலிருந்த காயை ஒரு பிடி அள்ளிக் காக்காயைப் பார்த்து வீசினார். காக்காய் பறந்தது, துணி விலகியது, காய்கள் முறத்தில் சிதறின. என் பிள்ளை வீறிட்டான். அப்படி ஒரு அழுகையை அவனிடம் நான் கேட்டதே இல்லை. ஓடிப்போய் அள்ளிக்கொண்டு நிமிர்ந்தபோது, அந்த அம்மா அவனுடைய மஞ்சள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பலகையிலிருந்து இறங்கினார்.

காயறுக்கிற அரிவாளைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அவர் எங்கள் வாசலுக்கு வந்தது அப்போதுதான்.

"ஏன்ரீ, வீட்ல மகு, பச்சைக் குழந்தை இருக்குன்னு ஒருநாளாவது சொன்னீங்களா? அப்பளத்துக்குன்னுதானே கேட்டீங்க?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற என் நாத்தனார், "பயமுங்க" என்றார்.

அந்த முறத்துப் பிள்ளை பிழைத்து வளர்ந்து, இன்று வாசல் நிலை இடிக்காமலிருக்கத் தலையைக் குனிந்துதான் வீட்டுக்குள் வருகிறான். யாராவது வாசலில் வந்து நின்று அற்பமாக எதையாவது திரும்பத் திரும்பக் கேட்டால், அதற்குப் பின்னால் துணி மூடிய முறம் ஒன்று இருக்குமோ என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

அன்று அந்த அம்மா திரும்பிப் போய்ப் பலகைமேல் ஏறி, பூவும் பிஞ்சும் முற்றாத விதைக்காயுமாக இருந்த கொடியை அரிந்து தள்ளினார். பிறகு அதைச் சுருட்டி, ஒரு துண்டு நிழல்கூட எங்கள் பக்கம் விழாதபடி, தன் வீட்டுப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.