மேனேஜரின் அப்பாவுக்கு விட்ட தண்ணீர்

எங்கள் அமெரிக்க மேனேஜரின் உள்ளங்கையில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு எள் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆடி அமாவாசை விடியலில், நாங்கள் வேலை செய்த வளைகுடா நாட்டின் அஜ்மான் கடற்கரையில், முழங்காலளவுத் தண்ணீரில் என் பக்கத்தில் நின்றிருந்தார்.

மனிதர் ஏதோ பெரிய நகரத்துக்காரர் என்றுதான் சைட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் சோளக்காட்டுக்கு நடுவே விரல்விட்டு எண்ணும்படி வீடுகள் மட்டுமே உள்ள ஊர்க்காரர். டீ நேரத்தில்கூட வம்சாவளிதான் பேச்சு. சொந்தபந்தம் கண்டுபிடிக்கும் டிஎன்ஏ சோதனைக்கு எச்சிலைக் குப்பியில் அனுப்பி, ஊரில் இருப்பவர்களைக் கல்லறைகளைப் படமெடுக்கச் சொல்லி, ஏழு தலைமுறையைத் தோண்டி எடுத்துவிட்டார். எனக்கோ கொள்ளுத்தாத்தாவுக்கு மேல் பெயர் தெரியாது. அவருக்கு ஒரே ஒரு குறை. கைக்குழந்தையாக இருந்தபோது விட்டுவிட்டுப் போன அப்பாவை எங்கே புதைத்தார்கள் என்று தெரியவில்லை. செத்துவிட்டார் என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தாராம். அந்தக் கல்லறையை ஒருமுறை தொட்டால் போதும் என்பார். நாங்கள் கல்லறை இல்லாமலே பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் விடுவோம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். தானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

என் ரூமில் இருந்த ராமநாதபுரத்து அண்ணன்தான் எங்களுக்கெல்லாம் தர்ப்பணம் செய்துவைப்பவர். அவருக்கு இது பிடிக்கவில்லை. "அப்பா உசுரோட இருந்தா புள்ள எள்ளத் தொடக் கூடாதுப்பா. நல்லாக் கேட்டுக்க" என்றார். கேட்டேன். மேனேஜர் சந்தேகமே இல்லாமல் தலையாட்டினார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று வரிசையாகப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். அப்பா பெயரில் மட்டும் குரல் உடைந்தது. காற்றே இல்லாத காலை. ஆனாலும் அவர் கால்களைச் சுற்றித் தண்ணீர் சிலிர்த்தது. மீனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இருவரும் திரும்பிப் பார்க்காமல் கரையேறினோம்.

அடுத்த சில நாட்களில் எச்சில் சோதனை மூலம் ஒரு தங்கை கிடைத்தாள், வேறு தாய்க்குப் பிறந்தவள். அப்பா உயிரோடு முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்றாள். நன்றாக இருந்தவர் இப்போது சாப்பாட்டைத் தொடுவதில்லையாம். எனக்குத்தான் கொடுத்தாகிவிட்டதே என்கிறாராம். வாயெல்லாம் உப்புக் கரிக்கிறது என்று துப்பிக்கொண்டே இருக்கிறாராம். இதைச் சொல்லும்போது மேனேஜரின் முகத்தில் ரத்தமே இல்லை. கொடுத்ததைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று என்னைக் கேட்டார். அண்ணனிடம் ஓடினேன்.

"விட்ட தண்ணிய எப்படிப்பா அள்றது? மொதல்ல அவரப் போகச் சொல்லு. உசுரோட மொகத்தப் பாக்கட்டும்."

எமர்ஜென்சி லீவில் அன்றே கிளம்பினார். அப்பாவின் அடக்கம் முடித்துத் திரும்பி வந்த பிறகு, நடந்ததை ஒரே ஒருமுறைதான் சொன்னார். பெரியவருக்குக் கண் தெரியவில்லை. மகன் வருவதாக யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இவர் கட்டிலருகே நின்று, அப்பா என்று மட்டும் கூப்பிட்டிருக்கிறார். குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாராம் அவர்.

"அன்னைக்குத் தண்ணிக்குள்ள நின்னு கூப்பிட்டது நீதானா? நான் வந்தேனே. நீதான் திரும்பிப் பாக்காமப் போயிட்ட."

மேனேஜர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார். இந்த ஆடியிலும் நான் அதே கடலில் இறங்கினேன். என் அப்பாவின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டேன். பிறகு, பயந்துகொண்டேதான், திரும்பிப் பார்த்தேன்.