கற்பூரத்தைக் காக்க வைத்த ஆர்டர்

ராஜபாளையத்தில் கிளம்பிய வதந்தி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் இறங்கும்போது இரண்டு சுற்றுப் பெருத்திருந்தது. ஆயுத பூஜையன்று பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் ஒரு பெண், கற்பூரத் தட்டோடு ஐயரை நிற்க வைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு இன்னும் மனசு வரவில்லை என்றாளாம். சாமி குத்தம் என்றார் டீக்கடையில் ஒருவர். அதெல்லாம் இல்லை, ஐயரே கம்ப்யூட்டர் கட்சிக்குத் தாவிவிட்டார் என்றார் மற்றவர். இரண்டாவது செய்தி நம்ப முடியாததாக இருந்ததால் உண்மையாக இருக்கக்கூடும் என்று விசாரிக்கப் போனேன்.

பெண்ணின் பெயர் வெங்கடேஸ்வரி. வன்னியம்பட்டிக்காரர், கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். அவர் வருவதற்கு முன் அந்தக் கம்பெனிக்கு ஆஸ்பத்திரிகள் மெயிலில் ஆர்டர் அனுப்பும். தறிக்கூடத்துக்கு அதை ஒரு மாதிரி எழுத வேண்டும். துணியில் கிருமி நீக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டின் கம்ப்யூட்டர் வேறு மாதிரி கேட்கும். நடுவில் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அடித்தார்கள், தப்பையும் சேர்த்து.

இந்த வேலைக்கென்றே இன்டக்ரேஷன் ஃப்ரேம்வொர்க் என்று ஒன்று உண்டு. ஒரு வாசலில் வருவதை எடுத்து, அடுத்தவருக்குப் புரியும்படி உடுப்பு மாற்றி, அவர் வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குத் தனி சர்வர் வேண்டும் என்று வெங்கடேஸ்வரி கேட்டபோது முதலாளி சோலைராஜ் சிரித்தாராம். அவர் சிரித்தால் என்ன பொருள் என்று ஊருக்கே தெரியும். ஆகவே கம்பெனியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஜாவா வெப் அப்ளிகேஷனுக்கு உள்ளேயே வெங்கடேஸ்வரி அதைக் குடிவைத்தார். அப்ளிகேஷன் எழுந்தால் இதுவும் எழும். படுத்தால் இதுவும் படுக்கும். மூன்று பேரும் வேறு நல்ல வேலைக்கு மாறினார்கள்.

ஒரே தொல்லை, வீட்டைப் பூட்டுகிறவர்கள் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. போன வருஷம் பூஜைக்குத் துடைக்க வந்தவர்கள் பிளக்கைப் பிடுங்க, மெயிலிலிருந்து எடுத்த ஆர்டர் ஒன்று யூனிட்டுக்குப் போகாமல் நடுவழியில் காணாமல் போனது. ஆஸ்பத்திரி கத்தியது. இன்னொன்று தொலைந்தால் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் பழையபடி கையால்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதன்பின் வெங்கடேஸ்வரி எழுதியதெல்லாம் நிறுத்துவதற்கான வழி. ஓடவைக்க நிறையப் பேருக்குத் தெரியும். ஒழுங்காக நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு, மேடைப் பேச்சாளர்கள் உட்பட. இவர் எழுதியது முதலில் வாசலைச் சாத்தும், கையில் இருப்பதைக் கொடுத்து முடிக்கும், பிறகுதான் தூங்கும்.

இந்த வருஷம் பூஜை. மெஷினை நிறுத்தச் சொல்லியாயிற்று. ஐயர் தட்டோடு நிற்கிறார். திரையில் ஒரே ஓர் ஆர்டர் மட்டும் போகாமல் முட்டிக்கொண்டே இருக்கிறது. காரணம், ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டருக்கும் அன்றைக்குத்தான் ஆயுத பூஜை. காலையிலேயே அணைத்துச் சந்தனம் வைத்துவிட்டார்கள். போனில் கெஞ்சியதற்கு, பூஜை போட்டதை மறுநாள்வரை தொடக்கூடாது என்று அங்குள்ள மாரிக்கனி மறுத்துவிட்டார்.

முதலாளி இரக்கத்தோடுதான் சொன்னார்: "ஏம்மா, ஒரு தாள்ல எழுதி வச்சிரு. நாளைக்குக் கையால அனுப்பிக்கிடுவோம். ஐயரு எம்புட்டு நேரம் நிப்பாவ?"

"கையால அனுப்புனா இது எதுக்கு சார்? செத்த பொறுங்க."

அங்கே யாரும் முதலாளியைப் பொறுக்கச் சொன்னதில்லை. அவர் பொறுத்தார், பழக்கமில்லாததால் எப்படிப் பொறுப்பதென்று தெரியாமல் நின்றார். ஐயர்தான் எந்த யூனிட் என்று மெல்லக் கேட்டார். காலையில் அங்கே சந்தனம் வைத்தவரே அவர்தான். போனை வாங்கினார்.

"மாரிக்கனி, நான் போட்ட பூஜை, நானே சொல்றேன். நீ சுவிட்சப் போடு. பொறவு வந்து இன்னொரு தடவ போட்டுத் தாரேன்."

பொட்டு கலையாமல் மாரிக்கனி சுவிட்சைத் தட்டினார். ஆர்டர் போய்ச் சேர்ந்தது. ராஜபாளையத்து மெஷின் தானாக அணைந்தது, ஐயர் கற்பூரத்தை ஏற்றினார். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமிக்கா திரைக்கா என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. கையால் அனுப்பும் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஆக, மனசு வரவில்லை என்று வெங்கடேஸ்வரி சொல்லவே இல்லை. ஐயர் கட்சி மாறியது மட்டும் நிஜம்.

அந்த இரண்டாவது பூஜை இன்னும் நடக்கவில்லை. ஐயரைக் கேட்டால் நல்ல நாள் பார்ப்பதாகச் சொல்கிறார். அவரை அங்கே கூட்டிப் போகிறேன் என்று ஒப்புக்கொண்ட வெங்கடேஸ்வரி, லாரி ஆபீஸுக்கும் ஆர்டர் தானாகப் போக வழி எழுதுவதில் மூழ்கிவிட்டார். மாரிக்கனி தினமும் காலையில் அந்தக் கம்ப்யூட்டரிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுகிறாராம்.